மாப்பிள்ளை அழைப்புக்குப் போன இரண்டு கார்கள்

பின்னால் வந்து இடித்தவன்மேல்தான் குற்றம் என்று இந்த நாட்டில் ஒரு மூடநம்பிக்கை நிலவுகிறது. சாமானிய ஜனங்கள் நம்பினால் போகட்டும் என்று விடலாம். போக்குவரத்து போலீஸ்காரர்கள் நம்புகிறார்கள், நீதிபதிகள் நம்புகிறார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் போல லைசென்ஸ் வாங்கிய இன்ஷூரன்ஸ் சர்வேயர்களும் நம்புகிறார்கள். நான் முப்பத்தோரு வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். இரண்டு பொருள்கள் மோதிக்கொண்டால் எது எதை இடித்தது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இது அதை எவ்வளவு விசையோடு இடித்ததோ, அதுவும் இதை அவ்வளவு விசையோடு இடித்தது. இதை உங்கள் படிவத்தில் முதல் வரியாகவே போட்டுவிடலாம். கட்டம் சின்னதாக இருக்கிறதா? பரவாயில்லை, பக்கவாட்டில் எழுதுங்கள்.

உட்காருங்கள் சார். அந்த ஸ்டூல் வேண்டாம், கிரீஸ் ஒட்டும். இப்படி டயர்மேல் உட்காருங்கள், சௌகரியமாக இருக்கும். மூலையில் ஒரு பொட்டலம் கிடக்கிறது பாருங்கள், அதை மட்டும் மிதித்துவிட வேண்டாம். அது என்ன என்று பிறகு சொல்கிறேன். காபி வருகிறது. கோமதி மேலே போட்டுக்கொண்டிருக்கிறாள். கீழே முன்பக்கம் இந்த ஷெட், பின்பக்கம் ஒரு குடித்தனம், நாங்கள் மாடியில். பதினேழு படி. கொஞ்சம் நேரமாகும்.

வண்டியைப் பார்க்க வேண்டுமென்றால் இதோ, உங்கள் முன்னால் நிற்கிறது. பார்க்க ஒன்றுமில்லை. ஒரு கீறல் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் இங்கிலாந்தில் செய்தது. இரண்டு பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. முன்னால் இருக்கிறதே, அது குரோம் பூசிய இரும்பு பம்பர். என் மைத்துனன் தட்சிணாமூர்த்தியின் ஜெர்மன் காருக்குப் பின்னால் இருந்தது பம்பர் அல்ல, பம்பர் மாதிரி செய்து பெயின்ட் அடித்த பிளாஸ்டிக். அது உடைந்ததற்குத்தான் நீங்கள் திருச்சி வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்.

இந்த வண்டி எனக்குத் தொண்ணூறில் வந்தது, கல்யாணமான மறு வருடம். வால்பாறையில் ஒரு டீ எஸ்டேட் மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தார். நாற்பது கொண்டை ஊசி வளைவு. கோமதி பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். எந்த வளைவில் வாந்தி எடுத்தாள், எந்த வளைவில் எடுக்கவில்லை என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வாள். அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்ட பயணம் அது.

ஐந்து வருடம் கழித்து மங்கை பிறந்தாள். முழுப்பெயர் மங்கையர்க்கரசி. வீட்டில் மூன்று பேர், வண்டியில் இரண்டு இடம். வேறு கார் வாங்கச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நான் எளிமையாக ஒரு ஏற்பாடு செய்தேன். ஊருக்குப் போவதென்றால் நானும் வண்டியும் முன்னால் போய்விடுவோம், அவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வந்து சேருவார்கள். எத்தனையோ வருடம் அப்படித்தான் நடந்தது. ஒரு குறையும் வரவில்லை. பல தடவை அவர்கள்தான் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

தட்சிணாமூர்த்தி கோமதிக்கு நேர் இளையவன். கிரானைட் வியாபாரம். போன வருடம் அந்தக் கறுப்பு காரை வாங்கினான். நான் பொறாமைப்படுகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருப்பான். சொன்னானா? உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பொறாமைப்படுபவன் ஆராய்ச்சி செய்வானா சார்? நான் செய்தேன். நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பத்தி. இடது பக்கம் என் வண்டி, வலது பக்கம் அவன் வண்டி. அவனுடைய காரில் மூன்று தடவை உட்கார்ந்து போய், பாரபட்சமில்லாமல் ஒப்பிட்டேன்.

அவன் கார்க் கதவு சாத்தினால் சத்தம் வராது. என்னுடையது ஒரே தடவையில் சாத்தாது, அதனால் சாத்திவிட்டோமா என்ற சந்தேகமும் வராது. அவன் சீட்டு முதுகைப் பிடித்துவிடும். என் சீட்டு முதுகைப் பிடித்துக்கொள்ளும். அவன் காருக்குள் ஒரு பெண்குரல் இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று சொல்லிக்கொண்டே வரும், அவனும் கேட்பான், வீட்டில் இருப்பவள் சொன்னால் கேட்கமாட்டான். அவன் காரில் மழை வந்தால் துடைப்பான் தானாக ஓடும். என் வண்டியில் மழை வந்தால் மழை வந்திருக்கிறது என்பது தெரியும். எதிரில் ஆள் வந்தால் அவன் கார் தானாக பிரேக் போட்டு நின்றுவிடும். என் வண்டியில் அதை ஓட்டுகிறவன் செய்ய வேண்டும். அதாவது அவனுடையது ஒரு ஹோட்டல் அறை, சக்கரம் வைத்தது. என்னுடையது வாகனம். முடிவு இடது பத்திக்கு இருபத்து மூன்று, வலது பத்திக்கு நான்கு. அந்த நாலும் நான் பெருந்தன்மையாகப் போட்டது.

கேட்டதா? மேலே கதவு திறந்த சத்தம். புறப்பட்டுவிட்டாள். இனி ஒவ்வொரு படியாக வரும்.

மங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பெயர் குருபரன், சென்னையில் ஏதோ கம்பெனி. பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் அவரை இரண்டே கேள்வி கேட்டேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரியுமா என்று கேட்டேன், தெரியாது மாமா என்றார். பழைய கியர்பெட்டியில் கிளட்சை இரண்டு தடவை மிதித்து கியர் மாற்றுவார்களே, அது தெரியுமா என்று கேட்டேன், அதுவும் தெரியாது என்றார். சரி, மோட்டார் ஞானம் கிடையாது, பையன் நல்ல மாதிரி என்று விட்டுவிட்டேன். வேறென்ன கேட்க இருக்கிறது?

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிள்ளையார் கோவிலில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, திறந்த காரில் உட்காரவைத்து, முன்னால் நாதஸ்வரம், பெண்கள் கையில் தட்டு, இப்படி ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டும். கவனியுங்கள், திறந்த கார். ஊரெல்லாம் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். திருச்சி முழுக்கத் தேடினாலும் அதற்கென்றே பிறந்த வண்டி இது ஒன்றுதான்.

தட்சிணாமூர்த்தி தன் காரில் கூட்டிப்போகலாம் என்றான். கறுப்புக் கண்ணாடிக்குள் மாப்பிள்ளையை அடைத்துக் கூட்டிப்போனால் அது அழைப்பு அல்ல, கைது என்றேன். மேலே கண்ணாடிக் கூரை திறக்கும் அத்தான், அதன் வழியே எழுந்து நிற்கட்டும் என்றான். ஓட்டுக் கேட்டு வருபவர்தான் அப்படி நிற்பார் என்றேன். ஒரு வாரம் இந்தப் பேச்சு நடந்தது. அவன் கடைசியில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. "அத்தான், உங்க வண்டிய நான் ஒண்ணும் சொல்லல. அது நின்னு போனா அக்கா மானம் போகும். அவ்வளவுதான்."

அப்போதுதான் கோமதி வாயைத் திறந்தாள். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது தானா மண்டபத்து வாசல் வரைக்கும் போயிடட்டும், அப்புறம் இந்தப் படியப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். போகலேன்னா ஷெட்டு எனக்கு. கட்டிலக் கீழ போட்டுக்குறேன்."

படி விஷயம் உங்களுக்குப் புரியாது, சொல்கிறேன். அவளுக்கு நாலைந்து வருடமாக முட்டி வலி. வலது முட்டி. டாக்டர் படி ஏறக்கூடாது என்றார். டாக்டர்கள் எல்லாருக்கும் அதைத்தான் சொல்வார்கள். அதிலிருந்து இந்த ஷெட்டில் கட்டில் போடலாம், அந்த மூலையில் ஒரு அடுப்பு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் விளக்கினேன். மனிதர்கள் மாடியில் இருக்கலாம், கார் மாடியில் இருக்க முடியாது. இது விருப்பு வெறுப்பு சார்ந்த விஷயம் அல்ல, புவியீர்ப்பு. பின்பக்கத்துக் குடித்தனத்தைக் காலி செய்யச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் ஒரு மெக்கானிக் சார். திருச்சியில் இந்த வண்டியின் போல்ட் அளவு தெரிந்த ஒரே மனிதர். அவரை எப்படி அனுப்புவது?

ஆகவே ஒப்புக்கொண்டேன். நூறு தடவை ஒப்புக்கொள்வேன். கோவிலிலிருந்து மண்டபம் ஒன்றேகால் கிலோமீட்டர். நாற்பது வளைவு இறங்கி வந்த வண்டி இது.

சாயங்காலம் ஐந்தரைக்குப் புறப்பட்டோம். முன்னால் நாதஸ்வரம், பிறகு தட்டு ஏந்திய பெண்கள், பிறகு நானும் மாப்பிள்ளையும் இந்த வண்டியில், எங்கள் பின்னால் தட்சிணாமூர்த்தியின் கார். அதில் நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோமதியும் அதில்தான் இருந்தாள்.

இங்கே ஒரு நுணுக்கம். ஸ்போர்ட்ஸ் கார் வேகமாகப் போவதற்குச் செய்தது. வேகமாகப் போனால் எதிர்காற்று ரேடியேட்டரைக் குளிரவைக்கும். நாதஸ்வரத்துக்குப் பின்னால் போகிற வண்டிக்கு எதிர்காற்று எங்கிருந்து வரும்? எதிரில் ஊதுகிறவர் காற்று எல்லாம் வேறு பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் வண்டி தாங்கியது. முக்கால் கிலோமீட்டர் ஒரு முனகல் இல்லாமல் வந்தது.

நாற்சந்தி வந்ததும் ஊர்வலம் நிற்க வேண்டும், நின்று ஒரு ராகம் வாசிக்க வேண்டும், அதுதான் முறை. இந்தக் காலத்து நாதஸ்வரக்காரர்கள் சினிமாப் பாட்டு ஒன்றை அரை நிமிஷம் வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என் பெண் கல்யாணத்தில் அது நடக்கக்கூடாது. முன்கூட்டியே வித்வானைப் பார்த்து, நாற்சந்தியில் தோடி, முழு ஆலாபனை, அவசரப்படவே கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். நல்ல மனுஷர். அவசரப்படவே இல்லை.

இருபத்தைந்து நிமிஷம் வாசித்தார். பத்தாவது நிமிஷம் சூடு காட்டும் முள் எழுந்து உட்கார்ந்தது. பதினைந்தாவது நிமிஷம் எதிர்க்கோடியில் போய் ஒட்டிக்கொண்டது. தட்சிணாமூர்த்தி பின்னாலிருந்து இறங்கி வந்து, வாசிப்பை நிறுத்தச் சொல்லட்டுமா அத்தான் என்று கேட்டான். தோடியைப் பாதியில் நிறுத்தச் சொல்கிற ஆள்களோடு எனக்குச் சம்பந்தம் இருக்கிறதே என்று வருத்தமாகிவிட்டது. கூடாது என்றேன்.

இன்ஜின் சூடானால் இந்த மாதிரி பழைய வண்டிகளில் ஒரு வழி இருக்கிறது. குளிர்நாட்டில் செய்ததல்லவா, காலடியில் ஹீட்டர் உண்டு. அதைத் திருகிவிட்டால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும், இன்ஜின் தப்பிக்கும். திருகினேன். எல்லாம் நேராக மாப்பிள்ளை காலில் போய் இறங்கியது. ஆவணி மாசம், கம்பளிக் கோட்டு, கழுத்தில் இரண்டு மாலை, காலில் ஷூ.  மனுஷருக்கு வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்று நின்று விழுந்தது. நடுவில் ஒரு தடவை "மாமா, ஒரு நிமிஷம்" என்றார். ராகம் முடியட்டும் என்று கை காட்டினேன்.

ராகம் முடிந்தது. வண்டியும் முடிந்தது. முன்பக்கம் ஆவி கிளம்பி, மாப்பிள்ளையும் நானும் ஒருவருக்கொருவர் தெரியவில்லை. ஜனங்கள் புகை போடுவதும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் தண்ணீர் எதுவும் இல்லை, இரண்டு பெரிய பாட்டிலில் பன்னீர்தான் இருந்தது. கொஞ்சம் ஆறவிட்டு அதை ஊற்றினோம். அப்புறம் அந்தத் தெரு முழுக்கப் பன்னீர் வாசனையாக ஆவி அடித்தது. வலது பத்திக் காரால் இதைச் செய்ய முடியுமா, நீங்களே சொல்லுங்கள். அதில் வாசனை தெளிக்க ஒரு மிஷின் வைத்திருக்கிறான், அதுகூட அவனுக்கு மட்டும்தான் வீசும்.

ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஆகவில்லை.

தட்சிணாமூர்த்தி உடனே, மாப்பிள்ளையை இறக்கி என் காரில் ஏற்றுங்கள் என்றான். நான் சொன்னேன், ஊர்வலத்தில் ஏறிய மாப்பிள்ளை மண்டபம் வருவதற்குள் வழியில் இறங்கக்கூடாது, சம்பிரதாயம். அப்படி ஒரு சம்பிரதாயம் உண்டா என்று கேட்காதீர்கள். சொன்ன அந்த நிமிஷத்திலிருந்து உண்டு. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் தலையை ஆட்டி, எங்கள் பக்கத்திலும் அப்படித்தான் என்றார். நானே ஆச்சரியப்பட்டேன்.

இதற்குள் கோமதி அந்தக் காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்து, பேனட்டைப் பிடித்து, மெல்ல என் பக்கம் வந்துவிட்டாள். நடுத்தெருவில், அத்தனை ஜனத்துக்கு முன்னால், கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

முப்பத்து நாலு வருடத்தில் அவள் இந்தச் சாவியைத் தொட்டதில்லை. கொடுத்தேன். பட்டுப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டு, வந்த மாதிரியே பிடித்துப் பிடித்துத் திரும்பிப் போனாள்.

இதோ, ஆறாவது படியில் நிற்கிறாள். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்பாள். சுவரில் ஒரு ஆணி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்வாள். நீங்கள் எழுந்து போக வேண்டாம். உதவி செய்தால் அவளுக்குப் பிடிக்காது. அப்படித்தான் நினைக்கிறேன். கேட்டதில்லை.

எங்கே விட்டேன்? சாவியில். அடுத்தது கயிறு. அவன் காரை முன்னால் கொண்டுவந்து, கயிறு கட்டி, என் வண்டியை இழுத்துப் போவது என்று முடிவானது. கயிறு மாட்டக் கொக்கி வேண்டுமே. அவ்வளவு பெரிய காரில் கொக்கி எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்தான். அந்தப் பெண்குரலிடமும் கேட்டான், அவள் பக்கத்தில் இருக்கும் ஹோட்டல்களின் பெயரைச் சொன்னாள். மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்திலிருந்தே, டிக்கிக்குள் விரிப்புக்கு அடியில் திருகுகிற கொக்கி இருக்கும், பம்பரில் சதுரமாக ஒரு மூடி இருக்கும், அதைக் கழற்றி அங்கே திருகுங்கள் என்றார். அங்கேதான் இருந்தது. குருட்டு யோகம் என்று நினைத்தேன்.

கயிறு கட்டும்போது இரண்டாவது தடவையாக "மாமா, ஒரு விஷயம், அந்த காரோட பிரேக்" என்று ஆரம்பித்தார். எனக்குத் தெரியும் மாப்பிள்ளை, அதை நோட்டிலேயே எழுதிவைத்திருக்கிறேன் என்று சொல்லி, வழியெல்லாம் அவருக்கு இரண்டு வண்டிகளின் பிரேக்கையும் ஒப்பிட்டு விளக்கிக்கொண்டு வந்தேன். யாராவது தட்டோடு குறுக்கே வந்தால் முன்னால் அந்தக் கார் தானாக நிற்கும். நான் காலால் மிதித்து நிறுத்துவேன். கயிறு தொய்யும். மறுபடி போகும். நாலு தடவை நின்றோம், நாலு தடவையும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. மனிதக் கால் என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நிரூபணம் வேண்டாம். மூன்றாவது தடவையாக "மாமா" என்றார். அப்போது நான் பிரேக்கை முடித்து கார்புரேட்டருக்கு வந்துவிட்டேன்.

மண்டபத்து வாசல். ரோட்டிலிருந்து உள்ளே கொஞ்சம் சரிவு. ஆலம் சுற்றப் பெண்கள் தட்டோடு எதிரில் வந்தார்கள். அவன் கார் அவர்களைப் பார்த்ததும், ஆணி அடித்த மாதிரி வாசல் கோலத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. அந்த நேரத்தில் நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் கார்புரேட்டரின் வடிவத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். இதற்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை. இதை எழுத வேண்டாம்.

டம் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மாப்பிள்ளை கழுத்து மாலையில் ஒன்று பறந்துபோய் அந்தக் கார் டிக்கிமேல் விழுந்து, அதற்குப் போட்ட மாதிரி அழகாக உட்கார்ந்தது. பிளாஸ்டிக் பம்பர் மூன்று துண்டு.

இனிமேல்தான் முக்கியமான இடம், பேனாவை எடுங்கள். இடிபட்ட அந்தக் கார் முன்னால் நகர்ந்து, கோலத்தைத் தாண்டி ஒரு முழம் உள்ளே போய் நின்றது. தானாக நின்றுபோன காரை வாசலுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது எது? இந்த வண்டி. கயிறு அப்போது தொய்ந்து தரையில் கிடந்தது, யாரும் இதை இழுக்கவில்லை. ஆகவே கறாராகப் பார்த்தால் இந்த வண்டி மண்டபத்து வாசலுக்குத் தானாகப் போனது மட்டுமல்ல, இன்னொரு காரையும் தள்ளிக்கொண்டு போனது. இதைத்தான் மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் கோமதியிடம் விளக்கினேன். பந்தியில் யார் யார் சாப்பிட்டாயிற்று என்று பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்ஷூரன்ஸ்லேர்ந்து ஆள் வருவாருல்ல. வண்டி தானா வந்துச்சுன்னு அவரு எழுதட்டும். எழுதினா ஒத்துக்கிறேன்."

அதனால்தான் உங்களை டயர்மேல் உட்காரவைத்து முதலிலிருந்து சொல்கிறேன். ஒரே ஒரு வரி சார். மோதல் நடந்தபோது பின்வண்டி தன் சொந்த இயக்கத்தில் இருந்தது. உங்கள் கையெழுத்தில்.

மாப்பிள்ளையா? கோபமெல்லாம் இல்லை. ஆலம் சுற்றி, பொட்டு வைத்து, உள்ளே கூட்டிப்போகும்போது சொன்னார். "அந்த பிரேக்க ஸ்கிரீன்லயே அணைச்சுடலாம் மாமா. அதச் சொல்லத்தான் ரெண்டு தடவ கூப்பிட்டேன். எங்க டீம் அந்த மாதிரி பிரேக்குக்குத்தான் புரோகிராம் எழுதுது." மங்கை பக்கத்தில் நின்றாள். அப்பா, அவர் வேலையை நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையா என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

கேளுங்கள், கேளுங்கள், படிவத்தில் உள்ளதைக் கேளுங்கள். ஓட்டுநர் லைசென்ஸ், இருக்கிறது. மது, கிடையாது, பன்னீர்கூட வண்டிதான் குடித்தது. காயம்? யாருக்கும் இல்லை. மாப்பிள்ளைக்கு இல்லை. எனக்கு இல்லை. முன் காரில் தட்சிணாமூர்த்திக்கு இல்லை. கோமதிக்கு மட்டும், பின் சீட்டில் இருந்தாளல்லவா, இடித்தபோது முன் சீட்டில் முட்டி லேசாகப் பட்டது. வீக்கம் என்று ஒன்றும் சொல்லும்படி இல்லை. நாலு நாளில் வடிந்துவிட்டது.

வலதா இடதா என்று கேட்கிறீர்களா?

வலது.

ஆமாம். அதே முட்டிதான்.

பதினொன்று. கேட்கிறதா, ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் தேய்த்து. கல்யாணத்துக்கு முன்னால் இவ்வளவு நேரம் ஆகாது. நான் கதையை எவ்வளவு இழுத்தும் இன்னும் ஆறு படி பாக்கி இருக்கிறது. காபி ஆறியிருக்கும். ஆறியிருந்தாலும் குடித்துவிடுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள்.

அடுத்த கேள்வி என்ன? மோதலின்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததா. அது ஒரு வேடிக்கையான விஷயம். அறுபத்தொன்றாம் வருடத்து வண்டியில் ஸ்டியரிங் பூட்டு கிடையாது, சாவி போடாமலே சக்கரம் திரும்பும், பிரேக்கும் பிடிக்கும். ஆகவே ஓடியதா இல்லையா என்பதை வெளியிலிருந்து பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. சாட்சி கிடையாது. மாப்பிள்ளைகூட, மாமா சொன்னால் சரி என்பார்.

சாவி எங்கே இருந்தது என்று கேட்டிருக்கிறார்களா? படிவம் போட்டவர் விஷயம் தெரிந்தவர்.

முன் காரில். பின் சீட்டில். கோமதி மடியில்.

எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடவில்லை. சாவி வண்டியில் இல்லை. பின்வண்டி இழுத்து வரப்பட்டது. கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா?

வா, கோமதி. டம்ளரை இப்படிக் கொடு. சாருக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், எழுதிவிட்டார். உட்கார். ஸ்டூலில் கிரீஸ் இருக்கிறது, இரு, துடைக்கிறேன்.

நீங்கள் போவதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி சார். அந்த அளவு டேப்பின் நுனியைச் சுவரோரம் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறே கால் அடி. கட்டில் தாராளமாகப் போடலாம். வியாழக்கிழமை இறக்குகிறோம், எதற்கும் இருக்கட்டும் என்று பின்வீட்டு மெக்கானிக்கிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன், ஆள் கூட்டி வருகிறேன் என்றிருக்கிறார். வண்டி வெளியே வேப்பமரத்தடிக்குப் போகிறது.

அந்தப் பொட்டலமா? தட்சிணாமூர்த்தி கொடுத்தனுப்பியிருக்கிறான். அவன் காரின் பழைய உறை. மேலே அந்த ஜெர்மன் கம்பெனி முத்திரை இருக்கிறது. நேற்றுப் போட்டுப் பார்த்தேன், முன்னாலும் பின்னாலும் இரண்டிரண்டு அடி தரையில் புரள்கிறது.